ஒன்பது மணி வெயிலில் நம் பிள்ளைகள்

பண்ருட்டியில் பலா குவியும் நாளில், சில பிள்ளைகள் கோடைப் படிப்புக்கு லண்டன் கிளம்பிவிடுகிறார்கள். ஜூனில் அங்கே இரவு 9 மணிக்கும் வெயில் இருக்கும். காலை 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும். "பொழுதே சாயலையே, வைத்தியரய்யா!" என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார்கள். தூக்கமும் போச்சு, பித்தமும் ஏறியாச்சு.

கணித மேதை ராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். சுத்த சைவம், சொந்தச் சமையல். கணக்கில் உட்கார்ந்தால் வேளைக்குச் சாப்பாடு ஏது? போதாததற்கு ஆகஸ்டில் போர் வேறு வந்துவிட்டது. 1917-ல் படுத்தார், 1920-ல் 32 வயதில் போய்விட்டார். நோய் காசமா, ஈரலில் அமீபாவா என்று இன்னும் விவாதம் உண்டு. நேரம் தவறிய சாப்பாடு உடம்பைத் தாங்க விடவில்லை என்பது என் கருத்து.

ஆகவே தாய்மார்களே, ஊறுகாயோடு ரசப்பொடியும் கட்டிக் கொடுங்கள். சூரியனைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து ஏழரைக்குள் சாப்பிடட்டும். படுக்கும்போது ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.