பிள்ளைகளுக்குக் கல்வியுரிமையை விளக்குதல்

உரிமை என்னுஞ் சொல் நீதிமன்றங்களிலும் அரசியல் மேடைகளிலும் பெரிதும் வழங்குவது. ஏழெட்டு வயதுப் பிள்ளையை நோக்கி, 'கல்வி உனது உரிமை' என்று கூறினால் அதற்கு ஒன்றும் விளங்குவதில்லை. பள்ளிக்கூடம் என்பது காலையில் துயில் கலைத்து எழுப்பும் ஒரு கட்டளையாகவே பிள்ளைக்குத் தோன்றுகின்றது. விடுமுறை நாளே தன் உரிமை என்று அது எண்ணினும் வியப்பில்லை. ஆயினும் இப்பொருளை ஆரம்ப வகுப்புகளிலேயே கற்பித்தல் வேண்டும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது; இலங்கை 1991இல் அதனை உறுதிசெய்தது. ஆரம்பக் கல்வி யாவர்க்கும் கட்டாயமாகவும் இலவசமாகவும் கிடைத்தல் வேண்டும் என்பது அதன் 28ஆம் உறுப்புரை. இவ்வுரிமைகளைப் பெரியோர்க்கேயன்றிச் சிறுவர்க்கும் அறியச் செய்தல் அரசின் கடன் என்பது 42ஆம் உறுப்புரை. எனவே, கற்பிக்கலாமா என்னும் ஐயத்துக்கு இடமில்லை. எவ்வாறு கற்பிப்பது என்பதே ஆராய வேண்டியதாகும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் ஆசிரியத் தொழிலின் பழைய விதி. வடமராட்சியின் வடகரையிலே, கடலைப் பார்த்து அமைந்த வல்வெட்டித்துறையில் ஓர் ஆரம்ப வகுப்பை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் கையில் பாடநூல் இருக்கின்றது; அது விலைக்கு வாங்கியதன்று. 1980ஆம் ஆண்டு முதல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. சீருடைத் துணி வழங்குதல் 1993இல் தொடங்கியது. 'இவற்றை யார் தந்தார்?' என்று ஆசிரியர் வினவினால், 'அதிபர் தந்தார்', 'அரசாங்கம் தந்தது' என்று பிள்ளைகள் விடை கூறுவர். அடுத்த வினாவே முக்கியமானது: 'தந்தவர் நாளைக்குத் தரமாட்டேன் என்றால், கேட்க முடியுமா?'

இங்கே கொடைக்கும் உரிமைக்குமுள்ள வேறுபாட்டை எளிய உவமையால் விளக்கலாம். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்க்கிறார்கள். மோர் முடிந்துவிட்டால் பேசாமல் வீடு திரும்ப வேண்டியதே. வார்த்தவர்மேல் கோபிக்க நியாயமில்லை. ஆனால், கப்பலில் உழைத்துவிட்டு வந்த தந்தையாருக்குச் சம்பளம் கொடுக்கப்படாவிட்டால், அவர் வழக்குத் தொடுத்தேனும் அதனைக் கேட்டுப் பெறலாம். முன்னையது கொடை, பின்னையது உரிமை. பாடநூலும், ஆசிரியரும், வகுப்பறையில் ஓர் இருக்கையும் இவ்விரண்டாவது வகையைச் சேர்ந்தவை. கடலோடிகளின் ஊரில் இவ்வுவமை விளங்காத பிள்ளை இராது.

கல்வியைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளிலே கல்விக்கென ஓர் அதிகாரம் உண்டு. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய வேந்தன், கல்வியின் உயர்வைப் பாடிய செய்யுள் புறநானூற்றிலே இருக்கின்றது. ஆசிரியர்க்குப் பொருள் கொடுத்தாயினும் கற்றல் வேண்டும் என்பது அவ்வேந்தன் கருத்து. இவ்வறிவுரை கற்பவனை நோக்கியது. கொடுப்பதற்குப் பொருளில்லாத வீட்டுப் பிள்ளை யாது செய்வது என்பதற்கு அதில் விடையில்லை. 'கற்க' என்று பிள்ளைக்குக் கூறுவதோடு, 'கற்பதற்கு வழி செய்க' என்று அரசுக்கும் சமூகத்துக்கும் கூறுவதே உரிமை என்னும் புதிய எண்ணம். 1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனம் தனது 26ஆம் உறுப்புரையில் அதனையே உலகறியச் சொன்னது.

யாழ்ப்பாணத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடமாகும். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். 1824இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை அமைத்தார். இவ்வாறு கல்வி பரவிய நாட்டிலும், உத்தியோகத்துக்கு வழியான ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கட்டணஞ் செலுத்தக்கூடியோருக்கே கிட்டியது. சுயபாஷைப் பள்ளியோடு நின்ற பிள்ளைக்கு மேலே செல்லும் படி இல்லை. கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த குழு, 1943இல் தனது அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக, 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் கீழ்வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இன்று கட்டணமின்றிப் படிக்கும் பிள்ளை, தன் பாட்டனார் காலத்தில் இவ்வழி எவ்வளவு குறுகியிருந்தது என்பதை அறிதல் நன்று.

கட்டணம் நீங்கினால் மட்டும் கதவு முழுதும் திறந்துவிடாது. இதனை எடுத்துக்காட்ட வெளிநாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் நெடுங்காலம் பள்ளிகளிற் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் வாங்கில் இருக்க விடப்படாது நிலத்தில் இருத்தப்பட்டனர். 1929ஆம் ஆண்டளவில், உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லார்க்கும் சம ஆசனம் வேண்டும் என்ற விதி வந்தபோது, உயர்சாதியினர் எனப்பட்டோரிற் பலர் அதனை எதிர்த்தனர். சில பள்ளிகள் தீயிட்டுக் கொளுத்தவும்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்ற இயக்கத்தினர் சமத்துவத்தின் பக்கம் நின்றனர். இச்செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லாது மறைக்கும் ஆசிரியர் உண்டு. பிறநாட்டார் இழைத்த அநீதியைப் படமெழுதிக் காட்டி, தம்மூரின் அநீதியை மூடி வைத்தால், உரிமை என்பது அயலார்க்கு உபதேசிக்கும் பொருளென்றே பிள்ளை கற்றுக்கொள்ளும். ஒரே வாங்கில் நெருங்கியிருக்கும் இரு பிள்ளைகளுக்கு, அந்த வாங்கு எளிதிற் கிடைத்ததன்று என்பதைச் சாதிப்பெயர் எதனையும் கூறாமலே உணர்த்தலாம்.

மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாறும் இத்தகையதே. அங்கே பெரும்பாலான பள்ளிகள் தோட்ட நிருவாகத்தின் கீழ், கீழ்வகுப்புகளோடு, பல இடங்களில் ஓராசிரியருடன் நடைபெற்றன. 1945இன் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோதும், அப்பள்ளிகள் அரசின் பொறுப்பில் வருவதற்கு 1970களும் அதற்குப் பிந்திய ஆண்டுகளும் வேண்டியிருந்தன. ஒரே தீவில், ஒரே மொழி பேசும் பிள்ளைகளுள் ஒரு சாரார் ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்தனர்.

இனி உலகத்துக்குச் செல்லலாம். அதற்கும் வல்வெட்டித்துறையிலேயே ஒரு கப்பல் இருக்கின்றது. அவ்வூரிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு சுயெஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. உலகப்படத்தைச் சுவரில் மாட்டி, அக்கப்பல் சென்ற வழியை நூலாற் குறித்து, வழியிலுள்ள கரைகளிலே பிள்ளைகள் எவ்வாறு படிக்கின்றனர் என்று ஆராய்வது நாலாம் ஐந்தாம் வகுப்புக்கு ஏற்ற பாடமாகும். பூமிசாத்திரமும் வரலாறும் அதில் ஒன்றாகும்.

கப்பல் சேர்ந்த அந்த மசசூசெற்ஸ் மாநிலமே, ஐக்கிய அமெரிக்காவில் முதன்முதலாக 1852இல் கட்டாயப் பாடசாலை வரவுச் சட்டம் இயற்றியது. ஆயினும் அதே நாட்டின் தென்பகுதியிலே கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் வேறுவேறு பள்ளிகளிலேயே படிக்க வேண்டியிருந்தது. அவ்வாறு பிரித்தல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. ஆறாண்டுகளின் பின், 1960 நவம்பரில், நியூ ஓர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுச் சிறுமி வெள்ளையர் பள்ளிக்குச் சென்றாள். கூச்சலிட்ட கூட்டத்தினூடே அரசின் காவலர் அவளை அழைத்துச் சென்றனர். பிற பெற்றோர் தம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து விலக்கிக்கொண்டமையால், ஓராண்டு முழுதும் ஆசிரியை ஒருவர் அவளுக்குத் தனியாகவே கற்பித்தார். தம் வயதொத்த அச்சிறுமியின் கதையைப் பிள்ளைகள் ஊன்றிக் கேட்பர். சட்டம் வாயிலைத் திறக்கும். அருகில் இருக்க மனிதர் மனம் ஒப்ப வேண்டும் என்பதை அக்கதையினாலேயே அறிவர். சம ஆசனத்தின் வரலாற்றை முன்பே கேட்டவர்க்கு இது தொலைநாட்டுச் செய்தியாகத் தோன்றாது.

உலகில் பள்ளிக்குச் செல்லாத சிறுவரும் இளைஞரும் சுமார் 25 கோடி எனப் யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. இத்தொகை பிள்ளையின் அறிவுக்கு எட்டாதது. காரணங்களைச் சொன்னால் எட்டும். ஒன்று பசி. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியது, பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதனாலேயே. மற்றொன்று பெண்பிள்ளைக்கு இடும் தடை. ஆப்கானித்தானிலே 2021இல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களின் பள்ளிக் கல்வி நிறுத்தப்பட்டது. வேறொன்று போர். வடமராட்சி மக்களுக்கு அதை நூலிற் காட்ட வேண்டியதில்லை. 1987இன் இராணுவ நடவடிக்கையின்போது பள்ளிகளிலும் கோயில்களிலும் மக்கள் அடைக்கலம் புகுந்ததைப் பாட்டிமார் சொல்லக் கேட்கலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிறநாட்டுப் பிள்ளைகளின் நிலையைக் கேட்டவுடன் 'பாவம்' என்று இரங்குவதோடு வகுப்பு முடிந்துவிடலாகாது. இரக்கம் பழையபடி கொடையின் பக்கமே இழுத்துச் செல்லும். 'அப்பிள்ளைக்கு உரியது என்ன? அதைச் செய்ய வேண்டியவர் யார்? தடுப்பது எது?' என்னும் மூன்று வினாக்களையும் பிள்ளைகளே கேட்கப் பழக வேண்டும்.

உரிமையைப் பேசக் கற்ற பிள்ளை பெரியோர்க்கு அடங்காது என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. 'எனக்கு' என்ற சொல்லோடு மட்டும் உரிமையைக் கற்பித்தால் அவ்வாறே நேரும். அடுத்த பிள்ளைக்கும் அது அதே அளவில் உண்டு என்று சேர்த்துக் கற்பித்தால், பக்கத்திலிருப்பவனைப் பரிகசியாமையும், பிந்தி விளங்குபவனுக்குச் சொல்லிக் கொடுத்தலும் அவ்வுரிமையிலிருந்தே பிறக்கும். பெற்றோரை மதித்தலும் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றெனச் சமவாயத்தின் 29ஆம் உறுப்புரையே கூறுகின்றது.

ஐந்தாம் வகுப்பிலே இப்பாடத்துக்கு ஒரு சோதனை வருகின்றது. புலமைப்பரிசில் பரீட்சை, திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு மத்திய கல்லூரியில் இடமளிப்பதற்காகக் கன்னங்கராவின் காலத்தில் தோன்றியது. இன்று அது பத்து வயதுப் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயமாகிவிட்டது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளை, கல்வி தனக்கு உரியதன்று எனக் கருதிச் சோர்கின்றது. பரிசில் என்பது சிலர்க்குக் கிடைக்கும் உதவி. கல்வி எல்லார்க்கும் உரியது. 1998 முதல் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் கல்வி கட்டாயமாகியிருப்பது, பரீட்சையில் தேறியோர்க்கு மட்டுமன்று. பெறுபேறு வெளியாகும் நாளில் இதனை எடுத்துச் சொல்லும் ஆசிரியர், ஓராண்டுப் பாடத்தை ஒரு நாளிற் கற்பித்தவராவார்.

சொல்லினும் நடத்தை வலிது. வசதிக் கட்டணம் கொண்டுவராத பிள்ளையை வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்திவிட்டு, அடுத்த பாடவேளையில் இலவசக் கல்வியைப் பற்றிப் பேசினால், பிள்ளை நின்றதையே நினைவில் வைத்திருக்கும். நாள்தோறும் வரவு இடாப்பை எடுக்கும்போது, மூன்று நாள் தொடர்ந்து வராத ஒருவரின் பெயரில் சற்றே நிறுத்தி, 'ஏன் வரவில்லை? யார் சென்று விசாரிப்பது?' என்று ஆசிரியர் கேட்பாராயின், முப்பது பிள்ளைகளுக்கும் 28ஆம் உறுப்புரை விளங்கிவிடும். விசாரித்து அறிந்த காரணத்தைத் தீர்த்து, அப்பிள்ளையை மீண்டும் அவ்விருக்கையில் இருத்துவது பெரியோரின் கடமை.