இது அந்த கமிஷன் இல்லை!

"கமிஷன் கொடுத்து ஒரு படம் வாங்கினேன்"னு ஹாஸ்டல்ல சொன்னப்போ, ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி: "யாருடா புரோக்கர்?" அதனால முதல்லயே தெளிவா சொல்லிடறேன். காமிக்ஸ் உலகத்தில் கமிஷன் என்றால், ஓர் ஓவியரிடம் பணம் கொடுத்து, உங்களுக்காகவே ஒரு படம் வரையச் சொல்லி வாங்குவது. காமிக்ஸ் சேர்க்கிற பழக்கம் முற்றிப்போனா நிறைய பேர் வந்து நிற்கிற இடம் இதுதான்.

எனக்கு இது ஆரம்பிச்சது அப்பாவோட தகரப் பெட்டியில். ஸ்கூல் நாளில் அவர் சேர்த்த முத்து காமிக்ஸ் பதினோரு புத்தகம் அதில் இருந்தது. 1972ல் சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மாயாவி நம்ம ஊர் ஆள்னு அப்பா ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாராம்! உண்மையில் அது 1962ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய 'தி ஸ்டீல் கிளா'. வரைந்தவர் ஜெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். ஹீரோவுக்கு ஷாக் அடித்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும்.

முதலில் புத்தகத்தைக் காப்பாத்துங்க

பழைய காமிக்ஸ் பெரும்பாலும் மலிவான நியூஸ்பிரின்ட் தாள். அதில் உள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு ஆக்சிடைஸ் ஆகும். தாள் மஞ்சளாகி, கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஈரக் காற்றில் பின்னும் துருப்பிடிக்கும். அதனால் பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து, பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்க. கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீங்க. லேமினேஷன் வேண்டவே வேண்டாம், ஒட்டினா பிரிக்க முடியாது.

ஒரிஜினல்னா என்ன?

அமெரிக்க காமிக்ஸ் பக்கங்களை வழக்கமாக 11க்கு 17 அங்குல பிரிஸ்டல் போர்டில் வரைவார்கள். அச்சில் அது சின்னதாகிவிடும். அந்த அட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அழிக்காத பென்சில் கோடு, வெள்ளை மை பூசித் திருத்திய இடம் எல்லாம் தெரியும். புத்தகம் லட்சம் பிரதி வரலாம், இந்த அட்டை ஒன்றுதான். 'சீக்ரெட் வார்ஸ்' 8ஆம் இதழுக்காக மைக் செக் வரைந்த ஒரே ஒரு பக்கம், 2022 ஜனவரியில் 33 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஆனால் அந்த அட்டைகள் வரைந்தவர் கையிலேயே ரொம்ப காலம் இல்லை. பதிப்பகங்களே வைத்துக்கொண்டன. மார்வெலின் பல ஹீரோக்களை உருவாக்கியதில் பெரும்பங்கு ஜாக் கிர்பிக்கு உண்டு. ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரைந்த அவரே தன் ஒரிஜினல்களைக் கேட்டு 1980களில் போராட வேண்டியிருந்தது. 1987ல் கிடைத்தது ஏறக்குறைய 2,000 பக்கங்கள்தான். கமிஷனில் பணம் நேரா வரைந்த கைக்கே போகுது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

நான் செய்த தப்பு

அப்பாவோட ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, ஏ3 அளவில் மாயாவி வரைந்து தரச் சொல்லி ஓர் ஓவியரிடம் கேட்டேன். 3,500 ரூபாய் என்றார். "ஒரு படம்தானே அண்ணா, கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ன்னேன். குறைத்தார். பென்சில் ஸ்கெட்சை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் லேபில் இருந்தேன், சரியாப் பார்க்காம தம்ஸ்-அப் போட்டேன். மை போட்டு முடிச்ச பிறகுதான் கவனிச்சேன்: இரும்புக் கை இடது பக்கம்! மாயாவிக்கு அது வலது கை. தப்பு அவருடையது இல்லை. நான் அனுப்பிய ரெஃபரன்ஸ் படமே இடம் வலம் மாறியிருந்தது.

அவர் கோபப்படலை. "மை போட்டா அன்டூ இல்ல தம்பி. மூணு ராத்திரி வேலை"ன்னார். அவ்வளவுதான். நான் பேரம் பேசினது அந்த மூணு ராத்திரியைத்தான்னு அப்போதான் உறைச்சது. குறைத்த பணத்தையும், புதுப் படத்துக்கான முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

நீங்க கேட்கும்போது இதையெல்லாம் முதல்லயே பேசிடுங்க: அளவு, கறுப்பு வெள்ளையா கலரா, எத்தனை உருவம், பின்னணி வேணுமா, எப்போ வேணும். பாதி முன்பணம், மீதி முடிந்ததும். ரெஃபரன்ஸ் படங்களைச் சரிபார்த்து அனுப்புங்க. மாற்றம் ஏதாவது இருந்தா பென்சில் கட்டத்திலேயே சொல்லுங்க. படம் உங்களுடையது ஆனாலும், அதை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாம்னு நினைக்காதீங்க. அந்தக் கேரக்டர் வேறொருவர் சொத்து.

சரியான மாயாவி இப்போ எங்க வீட்டு ஹாலில் இருக்கார். இடது கை மாயாவி என் ஹாஸ்டல் சுவரில். பார்க்கணும்னா ரூமுக்கு வாங்க. விலை மட்டும் குறைச்சுக் கேட்காதீங்க!