கடுகெண்ணெய் ஏன் மூக்கில் ஏறுகிறது?

ஒரு கடுகை மெல்லாமல் விழுங்குங்கள், ஒன்றும் தெரியாது. மென்றால்தான் சுருக்கென்று மூக்குக்கு ஏறும். கடுகுக்குள் சினிக்ரின் என்ற சேர்மம் ஓர் அறையில், மைரோசினேஸ் என்ற நொதி இன்னோர் அறையில். விதை நசுங்கி ஈரம் பட்டதும் இரண்டும் கலந்து அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் பிறக்கிறது. செடிக்கு அது பூச்சிவிரட்டி. நம் தாளிப்பில் கடுகு காரமில்லாமல் இருப்பதும் இதனால்தான்: கொதிக்கும் எண்ணெயில் படபடவென்று வெடிக்கும்போதே நொதி செத்துவிடுகிறது.

எண்ணெயிலும் அதே காரம்தான். வங்காளத்தில் கடுகெண்ணெயைப் புகையும்வரை காய்ச்சிய பிறகே மீனைப் போடுவார்கள். காரத்தின் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும்.

இந்த எண்ணெயைத் தோலில் தேய்த்தால், நரம்பு முனைகளிலுள்ள டிஆர்பிஏ1 என்ற உணர்வியை அதன் காரம் தட்டி எழுப்புகிறது. ரத்தநாளங்கள் விரிந்து, தோல் சிவந்து, கதகதப்பாகிறது. வட இந்தியக் குளிரில் கைக்குழந்தைக்கும் இதைத் தேய்ப்பது அந்தச் சூட்டை நம்பித்தான். மூட்டுவலி குறைந்தாற்போலிருப்பதும் எரிச்சல் கவனத்தைத் திருப்புவதால். குழந்தைக்கு மட்டும் வேண்டாம் என்பேன். சுண்டெலிச் சோதனையில், சேதமான தோல் தன் காப்பை மீட்பதை இந்த எண்ணெய் தாமதப்படுத்தியது. முடி வளருமா? மினுமினுக்கும், அவ்வளவுதான். அதைத் தேங்காயெண்ணெயும் செய்யும்.

கடுகெண்ணெயில் எருசிக் அமிலம் அதிகம். எலிகளின் இதயத்தில் அது கொழுப்பைப் படியவைத்ததால், அமெரிக்காவில் புட்டியில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சிட்டே விற்கிறார்கள். ஆனால் 1998இல் டெல்லியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது கடுகல்ல, அதன் எண்ணெயில் கலந்திருந்த பிரம்மதண்டு விதையெண்ணெய். நம்மூர்த் தரிசுகளில் மஞ்சளாகப் பூக்கும் அதே முட்செடி.