பரண்மேல் கிடக்கும் மடிக்கணினி

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் உங்கள் வீட்டுப் பரண்மேலும் ஒரு மடிக்கணினி துணியில் சுற்றிக் கிடக்கலாம். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காளோ வாங்கி வந்தது அது. "பழசாகிவிட்டது, இனி உதவாது" என்பார்கள். திரை எரிகிறது, விசைகள் அழுந்துகின்றன. பிறகு ஏன் உதவாது?

கணிப்பொறியின் உறுப்புகளை வன்பொருள் என்கிறோம். அவற்றை வேலை வாங்குவது இயக்க அமைப்பு. ஆனால் ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வொரு மொழி பேசும். வைஃபை சில்லின் மொழி வேறு, ஒலிச் சில்லின் மொழி வேறு. இடையே நின்று மொழிபெயர்க்கும் சிறு நிரலே 'டிரைவர்'. இயக்க அமைப்பு மாறும்போது டிரைவரையும் அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும். திருத்த ஆளில்லையெனில், உறுப்பு நலமாக இருந்தும் ஊமையாகிவிடும்.

யார் திருத்துவது? அருப்புக்கோட்டைக் கைத்தறி ஒன்றில் மிதிக்கட்டை உடைந்தால் உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். அதன் அமைப்பு கண்முன் திறந்து கிடக்கிறது. மூடி முத்திரையிட்ட இயந்திரமானால், செய்த கம்பெனிதான் வர வேண்டும்.

விண்டோஸ் இரண்டாம் வகை. அதைத் திருத்தும் உரிமை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கே உண்டு. 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது; விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல். அடுத்து வந்த விண்டோஸ் 11, பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆனால் ஒரு நன்மையும் உண்டு: முடியும் நாள் முன்கூட்டியே தெரியும், உறுப்பு செய்வோரும் பெரும்பாலும் விண்டோஸுக்கே முதலில் டிரைவர் எழுதுகிறார்கள்.

லினக்ஸ் முதல் வகை. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இருந்த 'பாஸ்' லினக்ஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு நின்றபோது, 'பாஸ்' நிறுவுமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு ஆலோசனை கூறியது.

அப்படியானால் லினக்ஸில் பழைய பொறி என்றென்றும் ஓடுமா? ஓடாது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியது இன்டெல் 386 செயலிக்காக. அந்தச் செயலிக்கான பகுதியே 2012 இறுதியில் நீக்கப்பட்டது! அதைக் கட்டிக்காக்கும் உழைப்புக்கு ஏற்ற பயன் இல்லை என்பதே காரணம். சில வைஃபை சில்லுகளின் விவரங்களை அவற்றைச் செய்தவர்கள் வெளியிடுவதில்லை. அவை லினக்ஸில் தொல்லை தருவதுண்டு. கதவு திறந்திருந்தாலும் உள்ளே உழைக்க ஆள் வேண்டும்.

ஆக, வேறுபாடு இதுதான்: ஒன்றில் முடிவு நாளைக் கம்பெனி குறிக்கிறது; மற்றொன்றில், தேவையும் திறமையும் உள்ளவர் இருக்கும்வரை பொறிக்கு ஆயுள் உண்டு.

நீங்களே சோதித்துப் பாருங்கள். முதலில் பழைய படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் துணையுடன், எளிய லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்குங்கள். வட்டில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்று முன்பே பாருங்கள். 2025-இல் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் பொறிகளில் நிறுவ வழியில்லை. பிறகு ஒலி வருகிறதா, வைஃபை இணைகிறதா, கேமரா தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் குறித்து வையுங்கள்.

எல்லாம் இயங்கினால், அக்காள் படித்த பொறியிலேயே தம்பியும் நிரல் எழுதப் பழகலாம். ஏதேனும் ஒன்று இயங்காவிட்டால், எந்த டிரைவர் இல்லை என்று தேடத் தொடங்குங்கள். நாளை அதை எழுதுபவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம் அல்லவா?