கம்பியில்லாக் கூரை

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இது புதிதல்ல: ஒருநாள் கூரைப்பூச்சு பெயர்ந்து விழும், துருவேறிய கம்பி பல்லைக் காட்டும். நான் இருந்த வீட்டில் அப்படி விழுந்தபோது பார்க்க வந்த மேஸ்திரி, 'கம்பி ஊதிருச்சு சார், இனி நிக்காது' என்றார். கட்டி இருபது வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ரோமில் கி.பி. 126 வாக்கில் முடிந்த பாந்தியன் கோயிலின் காங்கிரீட் குவிமாடத்தில் கம்பியே கிடையாது, அது நிற்கிறது. எப்படி?

கல்லும் காங்கிரீட்டும் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரியும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் குன்றின் பெருங்கற்காலக் கல்திட்டைகளில் ஒரே பாறைப்பலகைதான் கூரை. அதன் அடிப்பக்கம் இழுவிசைக்கு உட்படுவதால் அகலமான இடத்தை அப்படி மூட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் (1010) கற்களை அடுக்கடுக்காக உள்தள்ளி வைத்து வெளியைக் குறுக்கினார்கள். பாந்தியன் எடுத்துக்கொண்ட வெளி மிகப் பெரியது: உள்விட்டம் 43.3 மீட்டர், உச்சிவரை உயரமும் அதேயளவு.

கவிழ்த்த மூங்கில் கூடையை மேலிருந்து அமுக்கினால் விளிம்பு விரியப் பார்க்கும். குவிமாடமும் அப்படித்தான். அந்த விரிவை ரோமானியர் எதிர்கொண்டது எடையைப் பங்கிட்டு. கீழே சுமார் 6 மீட்டர் தடிமன், உச்சியில் 1.2 மீட்டர். சுண்ணாம்பும் எரிமலை மண்ணும் கலந்த சாந்தில், கீழே கனமான ஜல்லி, மேலே போகப்போக நுரைக்கல். உட்புறம் 140 சதுரக் குழிவுகள். உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்குக் கூரையே இல்லை, திறந்த வானம்.

இவ்வளவு செய்தும் அடியிலிருந்து மேல்நோக்கி விரிசல்கள் ஓடியிருக்கின்றன. விரிசல் விட்டபின் அது ஒன்றையொன்று சாய்ந்து தாங்கும் வளைவுகளின் கூட்டமாக நிற்கிறது. அதாவது, விரிசல் அங்கே தோல்வி அல்ல. கட்டடம் தன் சமநிலையைக் கண்டடைந்த வழி.

கம்பி இழுவிசையைத் தான் ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் நாலைந்து அங்குலக் கூரையின் கீழ் நாம் வாழ முடிகிறது. ஆறு மீட்டர்ச் சுவர் பேரரசுக்குத்தான் கட்டுப்படியாகும். ஆனால் ஈரம் எட்டினால் கம்பி துருப்பிடிக்கும், துரு பருக்கும், காங்கிரீட் வெடிக்கும். ஆக, 'ரோமானியக் காங்கிரீட்டின் ரகசியம்' என்று வியப்பது பாதி உண்மையே. பாந்தியன் 609-இல் தேவாலயமானது. அதைப் பராமரிக்க யாரோ தொடர்ந்து இருந்தார்கள். நீடிப்பு என்பது பொருளின் குணம் மட்டுமல்ல, அதன்மீது செலுத்தப்படும் அக்கறையும்தான். முகப்பில் இருப்பதோ, இதற்கு முன்பிருந்த கோயிலைக் கட்டிய அக்ரிப்பாவின் பெயர். சாந்து சுமந்தவர்களின் பெயர் எங்குமில்லை.

லைன் வீட்டில் குடியிருப்பவருக்குப் பழுதுபார்க்கும் உரிமை இல்லை, வாடகை வாங்குபவருக்கு அவசரம் இல்லை. மேஸ்திரி அன்று இன்னொன்றும் சொன்னார்: 'கம்பிக்குக் கீழே கவர் விடலை சார்.' முக்கால் அங்குலக் காங்கிரீட். அதைத்தான் மிச்சப்படுத்தியிருந்தார்கள்.