குப்பை மெயிலும் தூண்டில் மெயிலும்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று, உங்களுக்கென ஓர் இமெயில் முகவரியும் உருவாக்கிவிட்டீர்களா? வாழ்த்துகள். இன்னும் சில வாரங்களில், நீங்கள் கேட்காத மெயில்களும் உங்கள் இன்பாக்ஸைத் தேடி வரத் தொடங்கும். லாட்டரியில் பரிசு என்பார்கள். வட்டியில்லாக் கடன் என்பார்கள். வங்கிக் கணக்கு முடங்கப் போகிறது என்பார்கள். இவற்றில் எது வெறும் தொல்லை, எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பயப்பட வேண்டியதில்லை.

ஸ்பாம் வேறு, பிஷிங் வேறு

கேட்காமலே மொத்தமாக அனுப்பப்படும் விளம்பர மெயில்தான் ஸ்பாம். 1978 மே 3 அன்று, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இதையே முதல் ஸ்பாம் என்கிறார்கள்.

பிஷிங் என்பது தூண்டில் போடுவது. உங்கள் வங்கி போலவோ வருமான வரித்துறை போலவோ வேடமிட்டு வந்து, பாஸ்வேர்டைக் கேட்டுப் பெறும் மோசடி. ஸ்பாம் உங்கள் நேரத்தைத் தின்னும். பிஷிங் உங்கள் பணத்தைத் தின்னும்.

தூத்துக்குடி வழக்கு

2007-ல், அபுதாபியில் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு, ஐசிஐசிஐ வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு மெயில் வந்தது. யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் தராவிட்டால் கணக்கு இல்லாமல் போய்விடும் என்றது. அவர் கொடுத்தார். அவர் கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் வேறொரு கணக்குக்குப் போய்விட்டது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் அவர் தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் முறையிட்டார். வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்று வங்கி வாதாடியது. 2010 ஏப்ரலில், வங்கியும் போதிய பாதுகாப்பு செய்யவில்லை என்று கூறி, 12.85 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிடப்பட்டது. வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. பாஸ்வேர்டைக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். பணத்தை மீட்க ஆண்டுகள் ஆகும் என்பதை நினைவில் வைத்திடுங்கள்.

அனுப்பியவர் பெயரை நம்பலாமா?

தபால் கார்டில் அனுப்புநர் முகவரி இருக்கும் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? இமெயிலும் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. அதனால்தான் பின்னாளில் எஸ்பிஎப், டிகிம் என்ற சோதனைகள் சேர்க்கப்பட்டன. ஜிமெயிலில் சந்தேகமான மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கிளிக் செய்திடுங்கள். அங்கே இவை 'பாஸ்' ஆகியுள்ளனவா, 'பெயில்' ஆகியுள்ளனவா என்று தெரியும். 'பெயில்' என்றால் நம்பாதீர்கள். ஆனால் 'பாஸ்' என்றாலே நல்ல மெயில் என்று பொருளல்ல. மோசடிக்காரர் தன் சொந்த முகவரியிலிருந்து முறைப்படி அனுப்பினாலும் 'பாஸ்'தான் வரும்.

லிங்க்கைப் படிக்கும் முறை

லிங்க் மீது கிளிக் செய்யாமல் மவுஸ் அம்பை மட்டும் வைத்தால், உண்மையான முகவரி பிரவுசரின் கீழ் மூலையில் தெரியும். முதலில் உள்ள 'எச்டிடிபிஎஸ்' என்பதை அடுத்த இரண்டு சாய்கோடுகளை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதல் சாய்கோடு வரை பாருங்கள். அந்தப் பகுதியின் கடைசியில் இருப்பதுதான் தளத்தின் உரிமையாளரைக் காட்டும். 'உங்கள்வங்கி.பேங்க்.இன்' என்று முடிந்தால் அது வங்கி. 'உங்கள்வங்கி.பேங்க்.இன்.வேறுபெயர்.காம்' என்று இருந்தால் அது 'வேறுபெயர்' என்பவரின் தளம். முன்னால் உள்ளதெல்லாம் வேடம்.

இதை எளிதாக்கத்தான், இந்திய வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. எப்படியிருந்தாலும் மெயிலில் உள்ள லிங்க் வழியாக வங்கிக்குள் நுழையாதீர்கள். முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள்.

அட்டாச்மென்ட் என்னும் கதவு

எங்கள் கொல்லிமலையில் மிளகும் காபியும் நன்றாக விளையும். சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருக்கும் எனக்கு, செம்மேட்டிலிருந்து சித்தப்பா ஒருநாள் போன் செய்தார். "வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு நம்ம மிளகு பத்து டன் வேணும்னு மெயில் போட்டிருக்குப்பா. ஆர்டர் பேப்பர்னு ஒரு ஜிப் பைல் இருக்கு. திறக்கட்டுமா?"

"திறக்காதீங்க சித்தப்பா. நம்மகிட்ட மிளகு இருக்குன்னு அவங்களுக்கு யார் சொன்னது?" என்றேன். அவர் தோட்டத்தில் ஆண்டுக்குக் கிடைப்பதே சில நூறு கிலோதான்.

அந்த பைலின் பெயர் '.பிடிஎப்.இஎக்ஸ்இ' என்று முடிந்தது. விண்டோஸ் வழக்கமாக கடைசித் துணைப்பெயரை மறைத்துவிடும் என்பதால், 'பிடிஎப்' மட்டும் தெரியும். டாகுமெண்ட் என்று நினைத்து டபுள் கிளிக் செய்தால், ஒரு புரோகிராம் இயங்கி, நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்டுகளைத் திருடக்கூடும். விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் முழுப்பெயர் தெரியும். இன்றே செய்திடுங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஸ்பாம் மெயிலுக்குப் பதில் அனுப்பாதீர்கள். 'இனி அனுப்பாதே' என்று எழுதினாலும், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று உறுதியாகிவிடும்.

2. நீங்கள் பொருள் வாங்கிய கடையின் விளம்பரம் என்றால் 'அன்சப்ஸ்கிரைப்' கொடுக்கலாம். முன்பின் தெரியாதவர் என்றால் 'ரிப்போர்ட் ஸ்பாம்' மட்டும் அழுத்துங்கள்.

3. மெயிலில் உள்ள படம் திறக்கும்போது, நீங்கள் மெயிலைப் பார்த்த தகவல் அனுப்பியவருக்குப் போகலாம். ஜிமெயில் செட்டிங்ஸில், வெளிப் படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி அமைத்திடுங்கள்.

4. கடைகளுக்கும் போட்டிகளுக்கும் கொடுக்க இரண்டாவது முகவரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. இமெயில் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். பாஸ்வேர்ட் திருடுபோனாலும் உள்ளே நுழைவது கடினமாகும்.

6. பலருக்கு பார்வர்ட் செய்யும்போது முகவரிகளை 'பிசிசி' கட்டத்தில் போடுங்கள். நண்பர்களின் முகவரிகள் கைமாறாமல் இருக்கும்.

கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் வங்கிக்குப் போன் செய்து கணக்கை முடக்கச் சொல்லுங்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்திடுங்கள். அதன்பின், சந்தேகமான பைல் எதையும் திறக்காத வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்பட்ட இழப்பு வாடிக்கையாளருடையது, சொன்ன பிறகு ஏற்படுவது வங்கியுடையது என்று 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி வகுத்தது. எனவே எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கிப் புகார் கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் போன் செய்யுங்கள். வங்கியின் எண்ணையும் 1930-ஐயும் ஒரு தாளில் எழுதி, கம்ப்யூட்டர் பக்கத்தில் இப்போதே ஒட்டி வைத்திடுங்கள்.