சக்கர நாற்காலி செலுத்தலும் பட்டறிவும்

யாழ்ப்பாண நகரின் கடலோரத்தே அமைந்த குருநகர், உடலுழைப்பை முதலாகக் கொண்ட கடற்றொழிலாளரின் ஊர். கடலட்டைக்காகச் சுழியோடுவோரும் அவருள் உளர். ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுங்கால் குருதியிற் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகின்றது. அவை முண்ணாணைத் தாக்கின் கால்கள் செயலிழத்தல் கூடும். போர்க்காயங்களாலும் பலர் இந்நிலைக்கு உள்ளாயினர். நடையிழந்தோர்க்குத் தோளே காலாகின்றது. ஆயின் தோள்மூட்டு பலதிசையுஞ் சுழல்வதற்கு அமைந்ததேயன்றி, உடற்பாரத்தை நாள்தோறும் நகர்த்துவதற்கு அமைந்ததன்று.

புதிதாகப் பழகுவோர், சக்கரத்தின் வெளிப்புறத்துள்ள கைவளையத்தை அடிக்கடி குறுகத் தள்ளுவர். கையையும் வந்த வழியே வளையத்தை ஒட்டி மீட்பர். பட்டறிவு மிக மிகத் தள்ளல்களின் எண்ணிக்கை குறைகின்றது. ஒவ்வொரு தள்ளலும் நீள்கின்றது. எனினும் அனைவரும் ஒரே முறையை வந்தடைவதில்லை. கையை வளையத்திற்குக் கீழாகத் தாழவிட்டு மீட்பவர் ஒரு சாரார். மேலாகச் சுழற்றி மீட்பவர் இன்னொரு சாரார். 2005இல் அமெரிக்காவில் வெளியான மருத்துவ வழிகாட்டி முன்னைய முறையையே பரிந்துரைத்தது. துடுப்பு வலிப்போர் நீருள் நெடிது இழுத்து, வெளியே தளர்வாக மீட்பது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இங்கு ஒரு முரண் உண்டு. கைவிசை முழுவதும் வளையத்தின் தொடுகோட்டுத் திசையிற் செல்லுமாயின் வீண்செலவு இராது என்பது எந்திரவியற் கணக்கு. 2002இல் நெதர்லாந்து ஆய்வாளர், முன்பழக்கமற்றோரை அவ்வாறே தள்ளப் பயிற்றினர். விசையின் திசை திருந்தியது. உடலின் வினைத்திறனோ குறைந்தது. முழங்கை நீளும் வேளையில் அதனை மடக்குந் தசைகளும் எதிர்த்து உழைக்க நேர்ந்ததே காரணம் எனலாம். கணக்கிற் பிழையாகத் தோன்றிய 'வீண்விசை' உடல் தானே கண்ட சிக்கனமாகும். நாற்காலியில் வாழ்வோரின் அறிவைக் கேளாது பயிற்சி வகுப்போர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

சமதரையில் நன்றான முறை எங்கும் பொருந்தாது. ஏற்றத்தில் கையை நெடிது விடுத்தால் நாற்காலி பின்னுருளும். அங்கே வளையத்தை ஒட்டிய குறுந்தள்ளலே தக்கது. கடற்கரை மணலிற் சிறிய முன்சில்லுகள் புதையும். தேர்ந்தோர் உடலைப் பின்சாய்த்து, முன்சில்லுகளை உயர்த்திக் கடப்பர். இது துணையொருவர் பின்னிற்கப் பழகவேண்டிய வித்தை. நாற்காலியின் அமைப்பும் முக்கியமானது. வளையத்தின் உச்சியிற் கை வைக்கும்போது மேற்கைக்கும் முன்கைக்கும் இடையிலான முழங்கைக் கோணம் 100 முதல் 120 பாகை வரை இருத்தல் வேண்டும். ஒரே அளவினதாய் வழங்கப்படும் நன்கொடை நாற்காலிகளில் இப்பொருத்தம் தற்செயலாகவே அமையும். இருக்கை தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் தோள் உயர்கின்றது. எத்துணைப் பட்டறிவும் அதனை ஈடுசெய்யாது.